செக்ரோலும் சப்பாத்தும்: கோத்தகிரியில் மூன்று நாள் பயிற்சி முகாம்

போர் ஓய்ந்த நாடுகளில் காவல்துறையையும் இராணுவத்தையும் எவ்வாறு திருத்தி அமைக்கிறார்கள் என்பதை மூன்று நாள் தங்கிப் படிப்பதற்கான முகாம் ஒன்று கோத்தகிரியில் நடக்கவிருப்பதாக அறிந்தபோது, தேயிலையும் கேரட்டும் விளையும் இந்த மலையில் அதைப் படிக்க யார் பணம் கட்டி வரப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்த்தால் இருபத்தாறு பேர் இருந்தோம். கோவையிலிருந்து வந்த சட்டக் கல்லூரி மாணவர்கள், செய்தியாளர்கள் இருவர், தொண்டு நிறுவன ஊழியர்கள் சிலர் ஆகியோர் போக, ஏறத்தாழப் பாதிப் பேர் உள்ளூர்க்காரர்கள். அவர்களிலும் பெரும்பாலோர் என்னைப் போலவே இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968இல் நீலகிரியில் டான்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன என்பதை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு வியப்பளிக்காது. நான் குன்னூரில் வழக்குரைஞராக இருக்கிறேன். என் தந்தை 1978இல் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்து, ஓய்வு பெறும்வரை கொழுந்துச் சாக்குகளுக்கு எடை போட்டவர்.

தங்குமிடமும் உணவும் சேர்த்துக் கட்டணம் 9,500 ரூபாய். குறைகளையும் எழுதவிருப்பதால் நிலையத்தின் பெயரை இங்கே தரவில்லை. கொடநாடு செல்லும் சாலையில் இருக்கிறது என்பது போதும். தங்குமிடத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. அறைகள் தூய்மையாக இருந்தன. ஆளுக்கு ஒரு கம்பளி மட்டுமே தந்தார்கள்; மார்கழிக் குளிரில் அது போதாது என்பதைக் கோத்தகிரியில் கட்டடம் வைத்திருப்பவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வெந்நீர் காலை ஆறிலிருந்து ஏழு மணிவரை மட்டுமே வந்தது. உணவில் குறை சொல்ல முடியாது: முதல் நாள் இரவு ராகிக் களியும் அவரைக் குழம்பும், மாலைகளில் தேநீரும் வர்க்கியும். வெளியூரிலிருந்து சொந்த வண்டியில் வருபவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பதை நிலையத்தார் முன்னதாகத் தெரிவிக்காததால், இரண்டு கார்கள் குஞ்சப்பனைச் சோதனைச் சாவடியில் வெகுநேரம் நின்றன. டி.என். 43 எண் கொண்ட உள்ளூர் வண்டிகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. இந்த எண் பலகை விவகாரத்துக்குப் பின்னால் திரும்பி வருவேன்.

முதல் நாள் காலை அமர்வு சோர்வூட்டியது. ‘பாதுகாப்புத் துறைச் சீர்திருத்தம்’ என்னும் தொடர் 1990களின் இறுதியில் வழக்குக்கு வந்ததையும், 2014 ஏப்ரலில் ஐ.நா. பாதுகாப்பு அவை இதற்கென்றே 2151ஆம் எண் தீர்மானத்தை இயற்றியதையும், தீர்மானங்களின் பத்திகளைத் திரையில் காட்டிக் காட்டி ஒன்றரை மணி நேரம் படித்தார்கள். ஈராக் வந்த பிறகுதான் அறையில் உயிர் வந்தது. 2003 மே 23 அன்று அமெரிக்க ஆட்சி நிர்வாகியான பால் பிரெமர் ஒரே ஆணையில் ஈராக்கிய இராணுவத்தைக் கலைத்தார். பல லட்சம் ஆண்கள், துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த கையோடும் அடுத்த மாதச் சம்பளத்துக்கு வழியில்லாமலும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் பின்னால் கிளர்ச்சிக் குழுக்களில் போய்ச் சேர்ந்ததை உலகம் அறியும். பழைய படையைக் கலைப்பதா, வைத்துக்கொண்டு திருத்துவதா என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது என்று பயிற்சியாளர் சொன்னது சரிதான்; ஆயினும் கலைக்கப்படுகிறவனுடைய அடுத்த மாத அரிசிக்கு வழி சொல்லாத கலைப்பு எங்கும் நன்மையில் முடியவில்லை என்பதையும் அவர் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

இந்த இடத்தில் அச்சடித்துத் தந்த பாடக்குறிப்புகளைப் பற்றிய பெரிய குறையைச் சொல்லிவிட வேண்டும். ஆங்கில மூலத்தைக் கணினியில் போட்டுத் தமிழாக்கி, யாரும் படித்துப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ‘ஆர்ம்ஸ்’ என்ற சொல் ஆயுதத்தையும் குறிக்கும், கையையும் குறிக்கும். சியரா லியோன் பற்றிய பக்கத்தில், முன்னாள் போராளிகளிடமிருந்து ஆயுதங்கள் சேகரிக்கப்பட்டன என்று வர வேண்டிய இடத்தில், ‘முன்னாள் போராளிகளின் கைகள் சேகரிக்கப்பட்டன’ என்று இருந்தது. வேறெந்த நாட்டின் பக்கத்திலாவது இப்படி வந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். கிளர்ச்சிப் படையினர் பொதுமக்களின் கைகளை வெட்டிய கொடுமையால் உலகம் அறிந்த நாடு அது. சுட்டிக் காட்டியவுடன் நிலையத்தார் வருந்தி, கடைசி நாளில் எல்லாக் குறிப்புகளையும் திரும்பப் பெற்றுக்கொண்டு திருத்திய படியை அஞ்சலில் அனுப்புவதாக உறுதியளித்தார்கள்.

முதல் நாள் பிற்பகலில் நடந்த ஒரு பயிற்சிக்காகவே கட்டிய பணம் தகும். ஓய்வுபெற்ற கணக்குத் தணிக்கையாளர் ஒருவர் வந்து, கற்பனையான ஒரு நாட்டின் படைப்பிரிவுக்கு உரிய மூன்று பதிவேடுகளை மேசை மேசையாகக் கொடுத்தார்: மூன்று மாதச் சம்பளப் பட்டியல், வருகைப் பதிவு, உடையும் காலணியும் வழங்கிய பதிவு. அதிலுள்ள பேய்ச் சிப்பாய்களைக் கண்டுபிடிக்க வேண்டும். பேய்ச் சிப்பாய் என்றால் பட்டியலில் பெயரும் மாதாமாதம் சம்பளமும் இருக்கும், ஆள் மட்டும் இருக்க மாட்டான். அவனுடைய சம்பளம் மேலதிகாரியின் பைக்குப் போகும். சட்டக் கல்லூரி மாணவர்கள் கையெழுத்துகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். செய்தியாளர்கள் முப்பது நாள் மாதத்தில் முப்பத்தொரு நாள் வேலை பார்த்த ஒருவனைப் பிடித்துவிட்டு மகிழ்ந்தார்கள். எங்கள் மேசையில் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். பதுளைப் பக்கத் தோட்டமொன்றில் இளம் வயதில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அவர் சம்பளப் பட்டியலைத் தொடவே இல்லை. காலணிப் பதிவேட்டை எடுத்து, விரலை நாக்கில் தொட்டு, பக்கங்களைப் புரட்டி, வாய்க்குள் எண்ணிக்கொண்டே போனார்.

“தம்பி, சம்பளம் எத்தனை பேருக்குப் போட்டிருக்கு?”

“அறுபத்து நாலுங்க ஐயா.”

“சப்பாத்து அம்பத்தொண்ணுதான் குடுத்திருக்கான். மிச்சப் பதிமூணு பேரும் வெறுங்கால்லயா சண்டைக்குப் போனானுங்க?”

தணிக்கையாளர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். வைத்திருந்த விடையும் பதிமூன்றுதான். பெரியவருக்கு அதில் பெருமை ஒன்றும் தெரியவில்லை. தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்குப் ‘பேர்’ என்று சொல்வோம். முழு நாள் வேலைக்கு முழுப் பேர், பாதி நாளுக்கு அரைப் பேர். காலையில் ஆள் எண்ணும் பிரட்டுக்களத்தில் நிற்காத ஆளுக்கு, செக்ரோல் என்னும் தோட்டத்து வருகை-கூலி ஏட்டில் பேர் விழுவதும், நின்றவளுக்கு விழாமல் போவதும் நாங்கள் பிறந்ததிலிருந்து கேட்ட கதைகள். கொழுந்து எடை ஏட்டையும் செக்ரோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பொய் வெளிவந்துவிடும் என்பது கணக்கப்பிள்ளைக்குத் தெரியும். திருடுகிற கணக்கப்பிள்ளைக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

இந்தப் பயிற்சிக்குப் பிறகு சொல்லப்பட்ட உண்மை நிகழ்வுகள் அதனாலேயே நெஞ்சில் நின்றன. 2014 ஜூனில் ஐ.எஸ். தீவிரவாதிகள் தாக்கியபோது மோசுல் நகரத்தை விட்டு ஈராக்கியப் படைகள் ஓடின. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் பிரதமர் ஹைதர் அல் அபாதி, நான்கு படைப்பிரிவுகளில் மட்டும் 50,000 பேய்ச் சிப்பாய்கள் இருந்ததாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார். பல்லாண்டுகளாகக் கோடி கோடியாகச் செலவழித்துப் பயிற்சி கொடுத்த படை அது; பயிற்சி பெற்றவர்களில் எத்தனை பேர் காகிதத்தில் மட்டும் இருந்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்கும் வேலை முதலில் நடந்திருக்க வேண்டும். ஆப்கானிஸ்தானத்தில் 2009இல், வர்தாக் மாகாணத்துக் காவலர்கள் சிலருக்குச் சம்பளத்தை மேலதிகாரி கையில் கொடுக்காமல் நேரே கைப்பேசி வழியாக அனுப்பிப் பார்த்தார்கள். பணத்தைப் பெற்ற காவலர்கள் சம்பளம் உயர்ந்துவிட்டதாக நினைத்தார்களாம். உண்மையில் உயரவில்லை; அதுவரை இடையில் எவ்வளவு போய்க்கொண்டிருந்தது என்பது அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. சம்பளம் குறையாமல் கிடைக்காத காவலர் சாலைத் தடுப்பில் நின்று லாரிக்காரரிடம் அதை வசூலிப்பார். அவருக்கு மனித உரிமைப் பாடம் எத்தனை மணி நேரம் நடத்தினாலும் மாதக் கடைசியில் அவர் அந்தத் தடுப்புக்கு வந்து நிற்பார் என்று தணிக்கையாளர் சொன்னபோது, அறையிலிருந்த தொண்டு நிறுவன ஊழியர்கள் சற்று நெளிந்தார்கள். அவர்களுடைய திட்ட அறிக்கைகளில் அந்தப் பாடத்தின் மணிக்கணக்குத்தானே எழுதப்படுகிறது.

இரண்டாம் நாள் முழுவதும் நாடுகள். எல்லாவற்றையும் ஒரே அளவில் நடத்தியது தவறு. ஆனால் வட அயர்லாந்துக்குக் கிடைத்த இரண்டு மணி நேரம் பொன்னானது. 1998 ஏப்ரல் அமைதி உடன்பாட்டின் பேரில் கிறிஸ் பாட்டன் தலைமையில் காவல் சீர்திருத்தக் குழு ஒன்று அமைந்து, 1999 செப்டம்பரில் 175 பரிந்துரைகளைத் தந்தது. அன்று ராயல் அல்ஸ்டர் கான்ஸ்டபுலரி என்ற காவல் படையில் கத்தோலிக்கர் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பேர்தாம். மக்கள்தொகையிலோ நாற்பதுக்கும் மேல். 2001 நவம்பரில் படையின் பெயர் மாறியது, சின்னம் மாறியது. புதிய சின்னத்தில் மகுடமும் யாழும் ஒருங்கே இடம்பெற்றன. அடுத்த பத்தாண்டுகள் புதிதாக எடுப்பவர்களில் பாதிப் பேர் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்று சட்டம் வைத்தார்கள். 2011இல் அந்த விதியை விலக்கும்போது விகிதம் முப்பதை நெருங்கியிருந்தது. பெயரையும் சின்னத்தையும் பற்றித்தான் அங்கே பெருஞ்சண்டை நடந்தது. பயிற்சியாளர் எங்களை நிறுத்தி வைத்துக் காட்டிய இடம் வேறு: காவலர் மீது வரும் புகாரைக் காவலர் விசாரிக்காதபடி, சொந்தப் புலனாய்வாளர்களைக் கொண்ட தனி அலுவலகம் ஒன்று 2000 நவம்பரிலேயே, அதாவது பெயர் மாறுவதற்கு ஓராண்டு முன்னரே, திறக்கப்பட்டுவிட்டது. ஆட்சேர்ப்பு விகிதம் மாறப் பத்தாண்டு ஆகும். புகார் மனுவை வாங்கும் மேசையை உடனே மாற்றலாம்.

இந்த அமர்வில் எனக்குப் பிடித்த இன்னொன்று, அயர்லாந்திலிருந்து நம் ஊர்க் காவல் நிலையம்வரை போட்ட கோடு. 1857 எழுச்சியை அடக்கிய பின் 1861இல் வெள்ளையர் கொண்டுவந்த காவல் சட்டமும், அதற்கும் இரண்டாண்டு முன்னரே சென்னை மாகாணத்துக்கென இயற்றிய 1859ஆம் ஆண்டுச் சட்டமும் அயர்லாந்துக் காவல் படையை முன்மாதிரியாகக் கொண்டவை என்பர். அதே படையின் வழித்தோன்றல்தான் அந்த அல்ஸ்டர் படையும். எழுச்சிக்குப் பிந்தைய ‘சீர்திருத்தம்’ ஒன்றின் கீழேயே நாம் நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்கிறோம் என்று இதைப் பார்த்தால், தொலைதூரத்து நாடுகளை நோக்கி இரக்கப்படும் தொனி தானாகவே குறையும். காவல்துறைச் சீர்திருத்தம் கோரிய பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் தந்த ஏழு கட்டளைகளும், அவற்றின் பின் தமிழ்நாட்டில் 2013இல் வந்த சட்டமும் ஐந்து நிமிடத்தில் முடிக்கப்பட்டன. இதற்கு ஓர் அமர்வே ஒதுக்கியிருக்கலாம்.

எண் பலகைக்கு வருகிறேன். பொஸ்னியாவில் 1995இல் போர் நின்ற பிறகும், வண்டியின் எண் பலகையைப் பார்த்தாலே ஓட்டுபவர் எந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிடும் நிலை இருந்தது. மறுபக்கத்துக் காவலர் மறித்துவிடுவார் என்று அஞ்சி மக்கள் பிரிகோட்டைத் தாண்டவில்லை. 1998இல் நாடு முழுவதற்கும் ஒரே வகை எண் பலகை கொண்டுவந்தார்கள். அதில் வரும் எழுத்துகளை இலத்தீன், சிரில்லிக் இரண்டிலும் ஒரே வடிவம் கொண்டவையாகப் பார்த்துப் பொறுக்கினார்கள். எவ்வளவு சிறிய வேலை! அதன் பிறகு வண்டிகள் போகத் தொடங்கின. குஞ்சப்பனையில் நின்ற கார்க்காரர்கள் இதைக் கேட்டதும் டி.என். 43 வைத்திருந்த எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். இ-பாஸையும் பொஸ்னியாவையும் ஒன்றாக வைப்பது மிகை என்பது அவர்களுக்கும் தெரியும்.

தென்னாப்பிரிக்காவை இன்னும் விரித்திருக்கலாம். 1995இல் காவல்துறையின் இராணுவப் பதவிப் பெயர்களை நீக்கியவர்கள், குற்றம் பெருகுகிறது என்ற கூக்குரலுக்குப் பணிந்து 2010இல் ஜெனரல், கர்னல் என்று பழையபடி வைத்தார்கள். 2012 ஆகஸ்ட் 16 அன்று மாரிக்கானாவில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர் 34 பேரைக் காவலர்கள் சுட்டுக் கொன்றார்கள். பதவிப் பெயர் மாறியதால் துப்பாக்கி வெடித்தது என்று யாரும் சொல்ல முடியாது. இருப்பினும், திருத்திய அமைப்பு திருத்தியபடியே நிற்காது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டைக் கால் மணி நேரத்தில் கடந்தது வீண். கிழக்குத் திமோரும் அப்படியே. 2002இல் விடுதலை பெற்ற அந்நாட்டில், பாகுபாடு காட்டுகிறார்கள் என்று முறையிட்ட ஏறத்தாழ 600 சிப்பாய்களை 2006 மார்ச்சில் வேலைநீக்கம் செய்தார்கள். அது மொத்தப் படையில் ஐந்தில் இரு பங்கு. இரண்டே மாதத்தில் இராணுவமும் காவல்துறையும் தலைநகரில் ஒன்றையொன்று சுட்டன. மே 25 அன்று ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டு ஐ.நா. பாதுகாப்போடு நடந்து சென்ற காவலர்களில் எட்டுப் பேர் இறந்தார்கள். அந்த இரண்டு அமைப்புகளையும் ஐ.நா.வின் கண்காணிப்பில்தான் புதிதாகக் கட்டியிருந்தார்கள். எல் சால்வடாரின் புதிய காவல்துறைக்கான 60–20–20 ஆட்சேர்ப்பு விகிதமும் (நூற்றுக்குப் புதியவர் 60, முன்னாள் கிளர்ச்சியாளர் 20, பழைய காவலர் 20), நேபாளத்தில் சரிபார்க்கப்பட்ட 19,602 மாவோயிசப் போராளிகளில் சுமார் 1,400 பேரே கடைசியில் இராணுவத்தில் சேர்ந்த கதையும் அட்டவணையாக வந்து போயின. அட்டவணைகள் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

அன்று மாலை பேசிய அம்மையார் மத்திய ரிசர்வ் போலீஸ் படையில் இருந்தவர். லைபீரியாவுக்கு 2007 ஜனவரியில் இந்தியா அனுப்பத் தொடங்கிய, முழுதும் பெண்களால் ஆன காவல் பிரிவில் ஓராண்டு பணியாற்றியவர். ஐ.நா.வின் வரலாற்றில் அத்தகைய முதல் பிரிவு அது. ஆண்டுதோறும் ஆட்கள் மாற, 2016 வரை அங்கே இருந்தது. அவர் திரை எதுவும் பயன்படுத்தவில்லை. மன்ரோவியாவில் இரவு ரோந்து போகும்போது தொடக்கத்தில் தெருப் பிள்ளைகள் இவர்களைப் பார்த்து ஓடியதையும், சில வாரங்களில் தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் வந்து தயங்கித் தயங்கி ஒன்றிரண்டு சொல் பேசத் தொடங்கியதையும் சொன்னார். லைபீரியாவின் பழைய இராணுவத்தை முற்றாகக் கலைத்து, 2,000 பேர் கொண்ட புதிய படையை ஓர் அமெரிக்க ஒப்பந்த நிறுவனத்திடம் விட்டுக் கட்டினார்கள். சேர விண்ணப்பித்தவர்களின் படங்களைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட்டு, ‘இவர் போரில் குற்றம் செய்ததை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம்’ என்று கேட்டார்கள். “நம்ம ஊரில் எஸ்.ஐ. தேர்வுக்கு அப்படிப் படம் ஒட்டினால் என்ன ஆகும்?” என்று ஒரு மாணவி கேட்டார். அம்மையார் சிரித்துவிட்டு, “முதலில் ஒட்டியவரைப் போலீஸ் தேடும்மா” என்றார்.

இவருக்கு முன் பேசிய ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரியின் அமர்வைத் தவிர்த்திருக்கலாம். ஒழுக்கம், அணிவகுப்பு, தேசப்பற்று என்று ஒரு மணி நேரம் போனது. மலையின் அந்தப் பக்கம் வெலிங்டனில் முப்படை அதிகாரிகளுக்கான கல்லூரி இருக்கிறது. பல நாடுகளின் அதிகாரிகள் ஆண்டுதோறும் அங்கே வந்து படிக்கிறார்கள். குன்னூர்க் கடைத்தெருவில் அவர்களோடு நாங்கள் வரிசையில் நின்று ரொட்டி வாங்குகிறோம். போரிலிருந்து மீண்ட நாட்டிலிருந்து வந்தவர் ஒருவரை அழைத்து ஒரு மாலை பேசவைக்க நிலையத்தார் முயன்றிருக்கலாம்.

மூன்றாம் நாள் இலங்கை. அறையில் பாதிப் பேர் இதற்காகவே வந்திருந்தோம் என்பதை நிலையத்தார் அறியாமல் இருந்திருக்க முடியாது. ஆயினும் கால அட்டவணையில் அதற்குக் கிடைத்தது, மதிய உணவுக்கு முந்தைய நாற்பது நிமிடம். பேசியவர் இளைஞர், கவனமாகத் தயாரித்திருந்தார். சொன்னவை எல்லாம் சரியானவை. 1987இன் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தில் மாகாணங்களுக்கு எழுதி வைத்த காவல் அதிகாரம் இன்றுவரை கைமாறவில்லை. 2001இல் 17ஆம் திருத்தத்தால் வந்த தேசிய போலீஸ் ஆணைக்குழுவின் பல்லை 2010இல் 18ஆம் திருத்தம் பிடுங்கியது. 2015இல் 19ஆம் திருத்தம் திருப்பித் தந்தது. 2020இல் 20ஆம் திருத்தம் மறுபடி பறித்தது. 2022இல் 21ஆம் திருத்தம் மீண்டும் கொடுத்தது. போர் முடிந்தபின் அரசே அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு, காவல்துறையைப் பாதுகாப்பு அமைச்சிலிருந்து பிரிக்கும்படி 2011இல் பரிந்துரைத்தது; 2013இல் சட்டம் ஒழுங்குக்குத் தனி அமைச்சு வந்தபோது அதன் செயலாளராக அமர்ந்தவர் ஓய்வுபெற்ற ஒரு மேஜர் ஜெனரல். பொருளாதாரம் கவிழ்ந்த பிறகு 2023 ஜனவரியில், இராணுவத்தை 2030க்குள் ஒரு லட்சமாகக் குறைப்பதாக அறிவித்தார்கள். அரசியல் பேச்சு இத்தனை ஆண்டு செய்யாததைக் காலிக் கஜானா செய்யத் தொடங்கியிருக்கிறது. இவ்வளவையும் அவர் சொல்லி முடித்தபோது கேள்விக்கு மூன்று நிமிடம் இருந்தது. ஏழு கைகள் எழுந்தன. மணி அடித்துவிட்டார்கள்.

என் கை அந்த ஏழில் ஒன்று. நான் கேட்க நினைத்ததற்கான தாள் பையில் இருந்தது. 1977 ஆகஸ்டில் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தில் எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, தீ வைத்தார்கள். என் தந்தை காவல் நிலையத்துக்குப் போய் முறைப்பாடு கொடுத்து, பின்னால் காசு கட்டி அதன் படியொன்றையும் வாங்கி, அதைக் கப்பலில் துணிமூட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். 1956இல் வந்த சட்டத்தால் அன்று ஆட்சிமொழி சிங்களம் மட்டும். முறைப்பாடும் சிங்களத்தில்தான் எழுதப்பட்டிருந்தது. கீழே தமிழில் அவருடைய கையெழுத்து. தீ வைத்தவர்களில் மூன்று பேரைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டியதாக அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தாளை வாசித்துச் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் மொழி தெரியாது.

சாப்பாட்டுக் கூடத்தில் அதை அந்தப் பெரியவர் முன்னால் வைத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, இரண்டு முறை வாசித்தார்.

“இது உங்க அப்பா கையெழுத்துதானே தம்பி?”

“ஆமாங்க ஐயா.”

“பேர் ஒண்ணும் இல்லையேப்பா இதுல. ‘அடையாளந் தெரியாத ஆட்கள் சிலர்’னுதான் எழுதியிருக்கான்.”

நான் எதுவும் சொல்லவில்லை. “வாசிச்சுக் காட்டாமத்தான் ஒப்பம் வாங்கியிருப்பான். எங்களுக்கும் அப்படித்தான்” என்று சொல்லிவிட்டு, பேனாவைக் கேட்டு வாங்கினார்.

நிலையத்தார்க்கு நான் எழுதிக் கொடுத்த கருத்துப் படிவத்தில் மூன்று கோரிக்கைகள் உள்ளன. தீர்மானங்களைத் திரையில் படிக்கும் முதல் அமர்வைக் கைவிட்டு அந்த நேரத்தை இலங்கைக்குத் தர வேண்டும்; பதிவேட்டுப் பயிற்சியைப் போலவே முறைப்பாட்டுப் புத்தகத்தை வைத்தும் ஒரு பயிற்சி செய்ய வேண்டும், அதாவது ஒருவர் வாய்மொழியாகச் சொல்ல, அவருக்குத் தெரியாத மொழியில் இன்னொருவர் எழுத, மூன்றாமவர் அதைப் பெயர்த்துப் படிக்க வேண்டும்; இரண்டாவது கம்பளி தர வேண்டும். இந்தக் குறைகளோடு சேர்த்தே ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். சட்டம் படிப்பவர்களும், செய்தித்துறையில் இருப்பவர்களும், தாயகம் திரும்பிய குடும்பத்துப் பிள்ளைகளும் ஒருமுறை போய் வரலாம். மாணவர்களுக்குக் கட்டணத்தில் பாதியைக் குறைக்கிறார்கள். விண்ணப்பிக்கும்போதே கேட்க வேண்டும், பின்னால் கேட்டால் தருவதில்லை. வீட்டில் தோட்டக் கணக்கு பார்த்த பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்.

கடைசி நாள் மாலை, சொன்னபடியே பிழையுள்ள பாடக்குறிப்புகளைத் திரும்பச் சேகரித்தார்கள். சியரா லியோன் பக்கத்தை மட்டும் நான் கொடுக்கவில்லை. இரண்டு முறை கேட்டார்கள். அந்தப் பக்கத்தின் பின்புறத்தில்தான் ஐயா என் தந்தையின் முறைப்பாட்டை ஆறு வரியில் தமிழில் எழுதித் தந்திருந்தார்.